மாட்டிர் மொய்னா: அனுவின் வீட்டுக்கு வந்த விடுதலை

விடுதலைப் போராட்டப் படம் என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். கொடி பிடித்த ஊர்வலம் இருக்கும். தடியடி இருக்கும். கோபக்கார இளைஞன் ஒருவன் இருப்பான், அவனைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும் அம்மா இருப்பாள். கடைசி ரீலில் கொடி ஏறும், அரங்கம் கைதட்டும்.

2002-ல் வெளிவந்த 'மாட்டிர் மொய்னா' என்ற வங்காளதேசப் படத்தில் இதெல்லாம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. தலைப்புக்குப் பொருள் களிமண் மைனா. இயக்கியவர் தாரிக் மசூத். அவருடைய மனைவி கேத்தரின் மசூத் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதி, படத்தைத் தயாரித்தவர். 1971-ல் ஒரு நாடு பிறந்த கதையைச் சொல்ல இவர்கள் போர்க்களத்துக்குப் போகவில்லை. ஒரு சின்னப் பையனையும், அவன் அப்பாவின் ஹோமியோபதி மருந்துப் பாட்டில்களையும், அவன் தங்கையின் களிமண் பொம்மையையும் வைத்தே முழுப்படத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: இனி வருவதில் கதை முழுக்க இருக்கிறது. படம் பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக் கொள்ளலாம்.

யார் இந்த அனு?

1960களின் கடைசி. கிழக்குப் பாகிஸ்தானில் ஒரு சிற்றூர். அனு அங்கே வளரும் பையன். அப்பா காஜி, ஹோமியோபதி வைத்தியர், மார்க்கத்தில் கொஞ்சமும் விட்டுக் கொடுக்காதவர். அம்மா ஆயிஷா ஒரு காலத்தில் கலகலப்பாக இருந்தவள், இப்போது வீட்டுக்குள் வாய் திறப்பதே குறைவு. தங்கை அஸ்மா. சித்தப்பா முறையில் மிலன், இடதுசாரிச் சிந்தனை உள்ள இளைஞன்.

மிலனோடு சுற்றுவது அனுவுக்குப் பிடிக்கும். ஆற்றில் படகுப் போட்டி, ஊர்த் திருவிழா, பாட்டு, கூத்து என்று கிழக்கு வங்கக் கிராமத்தின் எல்லா ருசியும் அவனுக்கு மிலன் வழியாகத்தான் வருகிறது. இந்தத் திருவிழாக்களில் இந்து யார், முஸ்லிம் யார் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். காஜிக்கு அதுதான் பயம். பையன் கெட்டுப் போய்விடுவான் என்று அவனை வீட்டிலிருந்து பிரித்து மதரஸாவில் சேர்த்துவிடுகிறார். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. பையனிடம் கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

காஜியை இயக்குநர் வில்லனாகக் காட்டவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் பையனை வெறுப்பவர் அல்ல. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவரும் அல்ல. குடும்பத்துக்கு எது நல்லது என்று தனக்கு மட்டுமே தெரியும் என்று முழு மனதோடு நம்புகிறவர். பார்க்கிறவர்கள் பலருக்கு இப்படி ஒரு அப்பாவையோ, பெரியப்பாவையோ, மாமாவையோ நிச்சயம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வெளியே ஒரு கணக்கு

காஜியின் வீட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து நாட்டைப் பார்த்தால்தான் இந்தப் படம் எவ்வளவு நுட்பமானது என்று புரியும்.

1947-ல் உருவான பாகிஸ்தான் இரண்டு துண்டுகளாக இருந்தது. நடுவில் சுமார் 1,600 கிலோமீட்டர் இந்தியா. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கிழக்கில். ஆனால் தலைநகரம், ராணுவம், அதிகார வர்க்கம் எல்லாம் மேற்கில். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிய கயிறு மதம் ஒன்றுதான். மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு. உருது மட்டுமே ஆட்சி மொழி என்று சொன்னபோது முதல் விரிசல் விழுந்தது. 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள் டாக்காவில் சுடப்பட்டார்கள். அந்தத் தேதியைத்தான் 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

மொழி அளவுக்கு வெளியே தெரியாத இன்னொரு காரணம் பணம். அந்தக் காலத்தில் பாகிஸ்தானுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த முக்கியச் சரக்கு சணல். அது விளைந்தது கிழக்கில். தாரிக் மசூத் பிறந்த ஃபரித்பூர் மாவட்டமே சணலுக்குப் பேர் போனது. கிழக்கு சம்பாதிக்கிறது, மேற்கு செலவு செய்கிறது என்பதுதான் அங்கிருந்த படித்தவர்களின் புகார். 1966-ல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சக் கோரிக்கையைப் படித்துப் பார்த்தால் வணிகவியல் மாணவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். அதில் சரிபாதி, அதாவது மூன்று அம்சங்கள், முழுக்கப் பணத்தைப் பற்றியவை. ஒன்று, இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி நாணயம், இல்லாவிட்டால் மூலதனம் கிழக்கிலிருந்து மேற்குக்கு ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு. இரண்டு, வரி போடும் அதிகாரம் மாகாணங்களுக்கு. மூன்று, அந்நியச் செலாவணி வருமானத்துக்குத் தனித்தனிக் கணக்கு.

நான் சம்பாதித்ததை நானே கணக்கு வைத்துக் கொள்கிறேன் என்று சொன்னார்கள். அதற்குக் கிடைத்த பெயர் தேசத்துரோகம்!

1970 நவம்பர் 12 அன்று கிழக்குக் கரையைப் புயல் தாக்கி லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அரசின் நிவாரணம் ஆமை வேகத்தில் வந்தது. அடுத்த மாதமே பொதுத் தேர்தல். கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ முஜிபுரின் அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்கும் சேர்த்து மொத்தம் 300 பொதுத் தொகுதிகள்தான். அப்படியென்றால் பாகிஸ்தானின் பிரதமராகவே ஒரு வங்காளி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிலாக 1971 மார்ச் 25 இரவு டாக்காவுக்குள் ராணுவ டாங்குகள் வந்தன.

படத்தில் இந்த எண்கள் எதுவும் கிடையாது. தேர்தலும் ஊர்வலமும் தூரத்துச் சத்தமாக, மிலனும் நண்பர்களும் பேசிக்கொள்ளும் பேச்சாக மட்டுமே வருகின்றன. ஆனால் உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும், மதம் நம்மை ஒன்றாக வைத்திருக்கிறது, எதிர்த்துக் கேட்காதே என்று மேற்கு கிழக்கிடம் சொன்னதைத்தான் காஜி தன் வீட்டில் தினமும் சொல்லிக் கொண்டிருக்கிறார். நாட்டு அரசியலை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார் தாரிக்.

மதரஸாவும் ரொகோனும்

படத்தின் உயிரான பகுதி மதரஸாதான். வரிசையாகப் படுக்கை, விடியற்காலை எழுப்புதல், ஒரே மாதிரி தொப்பி, ஒரே குரலில் ஓதுதல். விடுதியில் படித்த எவரும் முதல் சில நாட்களின் அந்தத் தனிமையை இந்தக் காட்சிகளில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அங்கே அனுவுக்குக் கிடைக்கும் ஒரே நண்பன் ரொகோன். யாரோடும் ஒட்டாத, கொஞ்சம் விசித்திரமான பையன். மற்றவர்கள் அவனை ஒதுக்கி வைக்கிறார்கள். அவனுக்கென்று ஒரு தனி உலகம் இருக்கிறது, அதில் அனுவுக்கு மட்டும் அனுமதி. இல்லாத பந்தை இரண்டு பேரும் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும் காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் விதி இருக்கும் இடத்தில், யாராலும் பிடுங்கிக் கொள்ள முடியாத பந்து அது ஒன்றுதான்.

ரொகோனின் விசித்திரத்துக்குப் பெரியவர்கள் காரணம் கண்டுபிடிக்கிறார்கள்: பேய் பிடித்திருக்கிறது. உறைய வைக்கும் ஆற்றுத் தண்ணீரில் அவனை முக்கி எடுத்துப் பேய் ஓட்டுகிறார்கள். அனு பார்த்துக் கொண்டு நிற்கிறான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். பையன்கள் வளரும் கதை சொல்லும் படங்களில் கதாநாயகன் ஏதாவது ஒரு கட்டத்தில் துணிந்து எதையாவது செய்வான். அனு எதுவுமே செய்வதில்லை. அந்த வயதில் எந்தப் பையனால் என்ன செய்ய முடியும்? பெரியவர்கள் செய்வதைப் பார்ப்பான், மனதில் வைத்துக் கொள்வான். அனு வளர்வதும் அப்படித்தான்.

இந்தப் பகுதியை மட்டும் வைத்து இதை மதத்துக்கு எதிரான படம் என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய தவறு. அதே மதரஸாவில் இப்ராஹிம் என்று ஓர் ஆசிரியர் இருக்கிறார். குரல் உயர்த்தாதவர். பையன்களின் முகத்தைப் பார்த்தே யாருக்கு என்ன கஷ்டம் என்று கண்டுபிடிப்பவர். தலைமை ஆசிரியர் பிரசங்கத்தில் அரசியலைக் கலக்கும்போது, குழந்தைகளின் தலையில் இதை ஏன் ஏற்ற வேண்டும் என்று வருத்தப்படுகிறார். இந்த மண்ணில் இஸ்லாம் பரவியது வாளால் அல்ல, சூஃபிகளாலும் தர்வேஷ்களாலும்தான் என்பது அவர் கட்சி. படத்தில் மிக ஆழமான நம்பிக்கை உள்ள மனிதர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது இப்ராஹிம்தான்.

பாடல்களும் இதே விவாதத்தைத்தான் நடத்துகின்றன. வங்காளக் கிராமங்களில் 'பஹஸ்' என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பாடகர்கள் எதிரெதிராக நின்று கேள்வியும் பதிலுமாகப் பாட்டிலேயே வாதாடுவார்கள். நம் ஊர் லாவணி போல என்று வைத்துக் கொள்ளலாம். படத்தில் ஆணும் பெண்ணும் அப்படிப் பாடுகிறார்கள். சட்டத்தின் வழி பெரிதா, உள்ளத்தின் வழி பெரிதா என்பது பொருள். ஊரே உட்கார்ந்து கேட்கிறது. மார்க்கத்தைப் பற்றிப் பொதுமேடையில் பாட்டுப் பாடி வாதாட முடிந்த ஒரு சமூகம் அது. அது பறிபோய்விடுமோ என்ற கவலைதான் படம் முழுக்க அடியில் ஓடிக் கொண்டே இருக்கிறது. இசைப் பொறுப்பு மௌசுமி பௌமிக்குடையது.

மண் மைனா

தலைப்பில் இருக்கும் மைனா ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொம்மை. அனு தங்கை அஸ்மாவுக்குத் தந்தது. உயிருள்ளவற்றின் உருவம் வீட்டில் இருப்பது காஜிக்கு ஆகாது. அதனால் அஸ்மா அதை ஒளித்து வைத்துத்தான் விளையாட வேண்டியிருக்கிறது. பறக்க முடியாத பறவை, அதையும் ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை!

அஸ்மாவுக்குக் காய்ச்சல் வருகிறது. காஜி தன் மருந்தைக் கொடுக்கிறார். குணமாகவில்லை. ஆங்கில மருந்து கொடுக்கலாம் என்றால் சம்மதிக்க மறுக்கிறார். குழந்தை இறந்துவிடுகிறது.

படத்தின் நடுவே வரும் இந்த மரணத்தை இயக்குநர் ஒப்பாரி வைத்துக் காட்டவில்லை. ஆனால் இதற்குப் பிறகு ஆயிஷாவின் முகம் மாறுகிறது. ரொக்கேயா பிராச்சியின் நடிப்பு அப்படி. கணவனிடம் அவள் சண்டை போடுவதில்லை. ஆனால் அவரிடம் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள் என்பது நமக்குத் தெரிகிறது. வெளியே நாடு கொதிக்கக் கொதிக்க, உள்ளே இவளும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறாள்.

காஜியாக நடித்த ஜெயந்த சட்டோபாத்யாயாவையும் பாராட்ட வேண்டும். மகளை இழந்த பிறகும் தன் மருந்து தவறு என்று அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒப்புக்கொண்டால் மகளைக் கொன்றது தானே என்று ஆகிவிடும் அல்லவா? அந்தக் கனத்தைத் தாங்க முடியாமல்தான் அவர் இன்னும் இறுக்கமாகிறார்.

1971

மார்ச் 25-க்குப் பிறகு ராணுவம் டாக்காவோடு நிற்கவில்லை. மாவட்டங்களுக்குள்ளும், கடைசியில் காஜியின் ஊருக்கும் வருகிறது. ஊர் கிளம்பி ஓடுகிறது. ஆயிஷா கணவனைக் கூப்பிடுகிறாள். காஜி அசையவில்லை. வருவது முஸ்லிம் ராணுவம், நம்முடைய ராணுவம், நம்மை ஏன் தொடப் போகிறது என்பது அவருடைய கேள்வி. அவர் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல் கட்டி வைத்திருக்கிறார்.

ஆயிஷாவும் அனுவும் திரும்பி வரும்போது வீடு எரிந்து கிடக்கிறது. காஜி அந்தச் சாம்பலுக்கு நடுவே இருக்கிறார். கண்ணெதிரே இவ்வளவு நடந்த பிறகும் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஆயிஷா இந்த முறை காத்திருக்கவில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

அனுவை வீட்டை விட்டு அனுப்ப முடிவெடுத்தபோது ஒரு வார்த்தை பேச முடியாத அம்மா, இப்போது அதே பையனைக் கையில் பிடித்துக் கொண்டு தன் முடிவில் நடக்கிறாள். டிசம்பர் 16 இன்னும் பல மாதம் தள்ளி இருக்கிறது. பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சரணடைந்ததும், கொடி ஏறியதும், எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த சுமார் ஒரு கோடி அகதிகள் திரும்பிப் போனதும் படத்தில் கிடையாது. நம்மில் பலருக்கு 1971 என்றால் டிசம்பர் 3-ல் தொடங்கிப் பதின்மூன்று நாளில் முடிந்த இந்திய-பாகிஸ்தான் போர்தான். அந்தப் பதின்மூன்று நாளுக்கு முன்னால் எத்தனை வீடுகள் இப்படி இரண்டாகப் பிளந்தன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லப் போவதில்லை.

படத்துக்குப் பின்னால்

அனு வேறு யாருமல்ல, தாரிக் மசூத்தேதான். 1956-ல் பிறந்த தாரிக் சின்ன வயதில் மதரஸாவில் படித்தவர். 1971 போர்தான் அந்தப் படிப்பை நிறுத்தியது. போருக்குப் பிறகு பொதுக்கல்வி, டாக்கா பல்கலைக்கழகம், பிறகு சினிமா. நாடு விடுதலை அடைந்ததால் தன் வாழ்க்கையின் திசையே மாறிப்போன ஒருவர் எடுத்த படம் இது. அப்படிப்பட்டவர் விடுதலையைக் கொண்டாடி ஆடிப்பாடி எடுத்திருக்கலாம். அவரோ எரிந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் மறக்காமல் எடுத்திருக்கிறார்.

2002 கான் திரைப்பட விழாவில் இயக்குநர்கள் இருவாரம் பிரிவில் இதற்கு சர்வதேச விமர்சகர்கள் விருது கிடைத்தது. அதே சமயத்தில் சொந்த நாட்டின் தணிக்கை வாரியம், மத உணர்வைப் புண்படுத்தும் என்று சொல்லிப் படத்தைத் தடை செய்தது. மசூத் தம்பதியர் விடாமல் போராடினார்கள். தடை விலகி அதே ஆண்டு படம் அங்கே திரைக்கு வந்தது. ஆஸ்கர் விருதின் வேற்றுமொழிப் படப் பிரிவுக்கு வங்காளதேசம் அனுப்பிய முதல் படமும் இதுவே.

தாரிக்கின் முடிவுதான் சோகம். 1947 பிரிவினையைப் பற்றி 'காகொஜேர் ஃபுல்' (காகிதப் பூ) என்று ஒரு படம் எடுக்கத் திட்டமிட்டிருந்தார். அதற்கு இடம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், 2011 ஆகஸ்ட் 13 அன்று, சாலை விபத்தில் இறந்துபோனார். உடன் இறந்தவர்களில் ஒருவர் ஒளிப்பதிவாளர் மிஷுக் முனீர். இவருடைய தந்தை முனீர் சௌத்ரி நாடக ஆசிரியர், பேராசிரியர். விடுதலைக்கு இரண்டே நாள் முன்பு, 1971 டிசம்பர் 14 அன்று கடத்திக் கொல்லப்பட்ட அறிவுஜீவிகளில் ஒருவர்.

இப்போது ஏன் பார்க்க வேண்டும்?

2024-ல் வங்காளதேச மாணவர்கள் தெருவுக்கு வந்தது நினைவிருக்கும். தொடங்கியது அரசு வேலை ஒதுக்கீட்டில். விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு 30 சதவீத இடம் என்ற ஏற்பாட்டை அந்த ஆண்டு ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. போராட்டம் வெடித்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை 5 சதவீதமாகக் குறைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று முஜிபுரின் மகள் ஷேக் ஹசீனா பதவியை விட்டு நாட்டை விட்டே போனார்.

அந்த மாணவர்கள் யாரும் 1971-ல் பிறந்திருக்கவில்லை. விடுதலை என்பது அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை. அந்தக் கதையைக் காட்டியே தங்கள் கேள்விகளை வாயடைக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். யார் சரி, யார் தவறு என்பது அந்த ஊர்க்காரர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு 22 வருடம் முன்பே இந்தப் படம் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தது. எதிர்த்துக் கேட்காதே என்று சொல்பவர் கையில் மதம் இருந்தாலும் தேசம் இருந்தாலும், ஒரு நாள் வீட்டில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

படம் ஒன்றரை மணி நேரம்தான். வேகமாக நகரும் படம் அல்ல. சண்டை, திருப்பம் எதையும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். ஆற்றையும் பனிமூட்டத்தையும் பாட்டையும் நிதானமாகப் பார்க்கப் பொறுமை இருப்பவர்கள் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். முடிந்தால் அப்பா அம்மாவோடு சேர்ந்து பார்க்கலாம். படம் முடிந்ததும் வீட்டில் ஒரு நல்ல வாக்குவாதம் நடக்க வாய்ப்பு அதிகம். நடக்கட்டும், காஜியின் வீட்டில் அது ஒரு நாளும் நடக்கவில்லை.